செல் தாள் (ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாள்) வருவதற்கு முன் பின்னணியை எப்படி அசையாமல் வைத்தார்கள்?

காகிதக்கோடு (கேள்வி)

1908 முதல் 1915 வரையிலான அனிமேஷன் படங்களை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எமில் கோலின் 'ஃபாண்டாஸ்மகோரி'யில் பின்னணியே கிடையாது, கறுப்பில் வெள்ளைக் கோடு மட்டும்தான். வின்சர் மெக்கேயின் 'கெர்ட்டி' என்ற டைனோசர் படத்தில் பாறை, ஏரி எல்லாம் இருக்கின்றன, ஆனால் அந்தக் கோடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. அடுத்த சில வருடப் படங்களில் நடுக்கம் காணாமல் போகிறது. இடையில் என்ன நடந்தது?

வெறும் காகிதத்தில், அந்தக் காலத்து முறையிலேயே ஒரு நிமிடப் படம் செய்து பார்க்க ஆசை. எத்தனை படம் வரைய வேண்டும், எங்கெல்லாம் சொதப்பும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, முதல் அனிமேஷன் படம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. எதை எடுத்துக்கொள்வது?

மைக்கூடு

'கெர்ட்டி'யின் பின்னணி ஒரே ஒரு முறை வரைந்தது அல்ல, அதனால்தான் நடுக்கம். ஒவ்வொரு தாளிலும் பாறையும் ஏரியும் திரும்பத் திரும்ப வரையப்பட்டன. மெக்கே டைனோசரை வரைவார், அதே தாளில் பின்னணியை ட்ரேஸ் செய்தவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற உதவியாளர். மொத்தம் சுமார் 10,000 படங்கள். அடியிலுள்ள படம் தெரிய வேண்டும் என்பதால் மெல்லிய அரிசித் தாள். நான்கு மூலையிலும் சிலுவைக் குறி போட்டுத் தாளைப் பொருத்துவார்கள், பிறகு தடித்த அட்டையில் ஒட்டிப் படம் பிடிப்பார்கள். குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பேனா முனை ஒரு மயிரிழை விலகத்தான் செய்யும். திரையில் அந்த மயிரிழை விரல் அகலம் ஆகிவிடும்.

கணக்குக்கு வருவோம். அன்றைய வழக்கப்படி நொடிக்கு 16 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்கு 960. ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்குப் பிடித்தால் 480 படம் போதும். கோல் செய்தது இதைத்தான்: சுமார் 700 படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு முறை, 1,400 ஃபிரேம், ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெக்கேயின் 'லிட்டில் நீமோ'வுக்கு 4,000 படங்கள். ஃபிரேமுக்கு ஒன்று என்று கணக்கிட்டாலும் நான்கு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு என் பரிந்துரை: எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பிடியுங்கள், வேகமாக ஓடும் இடத்துக்கு மட்டும் ஒன்றொன்றாக மாறுங்கள். இரண்டிரண்டாகப் பிடித்த வேகமான ஓட்டம் தத்தித் தத்தித் தெரியும்.

வரையும் வரிசைதான் அடுத்த கண்ணி. 1, 2, 3 என்று நேராக வரைந்துகொண்டே போனால் உருவம் தெரியாமலே பெருக்கும் அல்லது சிறுக்கும். ஐம்பதாவது தாளில் தலை ஒன்றேகால் மடங்கு ஆகியிருக்கும், வரைகிறவர் கண்ணுக்கு அது படாது. மெக்கே இதைப் பிளந்து பிளந்து சமாளித்தார். முதல் நிலையையும் கடைசி நிலையையும் வரைந்துவிட வேண்டும், பிறகு நட்டநடுவில் ஒன்று, பிறகு ஒவ்வொரு பாதிக்கும் நடுவில் ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பக்கமும் எல்லை இருப்பதால் அளவு தப்பாது. கோல் நேராகவே வரைந்துகொண்டு போனார், ஆனால் அவர் படத்தில் பாட்டில் பூவாகிறது, பூ யானையாகிறது. எதுவுமே தன் உருவில் நிற்காதபோது அளவு பிசகியதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அந்த உருமாற்ற பாணியில் கலை எவ்வளவோ அவ்வளவு வசதியும் உண்டு என்பது என் எண்ணம்.

நடுக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காட்சி முழுவதும் கோடு நடுங்கினால் கண் பழகிவிடும். உருவம் நிற்கும் இடத்தில் ஒரே தாளை ஒரு நொடி விட்டுவைத்தால் நடுக்கம் சட்டென்று நிற்கும், படம் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். நிற்கும் நிலையைத் தனித்தனியாக மூன்று தாளில் ட்ரேஸ் செய்து சுழற்றிப் போடுங்கள். இரண்டு தாள் போதாது, அப்படியும் இப்படியும் துடிப்பது தெரியும்.

சுழல்தட்டு

'முதல்' பற்றி: எதை அனிமேஷன் படம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திரையில் பார்வையாளர்களுக்குக் காட்டிய வரைபட அசைவு என்றால் எமில் ரேனோ. 1892 அக்டோபர் 28, பாரிஸின் மியூசே கிரேவன். லூமியேர் சகோதரர்களின் கட்டணச் சினிமாக் காட்சிக்கு மூன்று வருடம் முன்பு. புகைப்படச் சுருளில் ஒவ்வொரு ஃபிரேமாகப் பிடித்தது என்றால் ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டனின் 1906 படம். அதில் கரும்பலகைச் சாக்பீஸ் படத்தோடு வெட்டிய அட்டையும் கலந்திருக்கிறது. ஏறக்குறைய முழுக்க வரைந்த படங்களாலேயே ஆனது என்றால் 1908 ஆகஸ்ட் 17-இல் திரையிட்ட 'ஃபாண்டாஸ்மகோரி'. 1928 ('ஸ்டீம்போட் வில்லி'), 1937 ('ஸ்னோ வைட்') என்று டிஸ்னி படங்களைச் சொல்கிறவர்களை விட்டுவிடுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கே ரேனோ ஒரு பதில் வைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. அவருடைய 'போவ்ர் பியரோ'வில் 500 சிறு ஜெலட்டின் சதுரங்கள், ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டியது, துளையிட்ட பட்டையில் கோத்தது. உருவத்தைச் சுற்றிக் கறுப்பு அடித்திருப்பார். பின்னணி அந்தப் பட்டையிலேயே கிடையாது, தனி விளக்கிலிருந்து தனிக் கண்ணாடிச் சில்லு வழியாகத் திரையில் விழும். பட்டை எவ்வளவு ஆடினாலும் பின்னணி அசையாது. ஒரு குறை உண்டு: ஒளி மேல் ஒளி விழுவதால், உருவம் வரும் இடத்தில் பின்னணி இருட்டாக இல்லாவிட்டால் உருவம் வெளிறிப்போகும்.

காகிதக்கோடு

மிக்க நன்றி. சிலுவைக் குறி பார்த்துத் தாள் வைத்தால் எனக்குப் பொருந்தவே மாட்டேன் என்கிறது. ஆணியில் மாட்டும் முறை எப்போது வந்தது? ஸ்லாஷ் முறை என்று ஓரிடத்தில் படித்தேன், அது என்ன?

பழையரீல்

இரண்டுமே அனிமேஷன் கலைஞர் ராவுல் பாரேயின் பட்டறையிலிருந்து வந்தவை, ஏறத்தாழ 1914. தாளின் ஓரத்தில் துளை, மேசையில் ஆணி, வரையும் மேசையிலும் கேமரா மேசையிலும் ஒரே அளவு. இன்றுவரை அடிப்படை அதுதான். உருண்டைத் துளை மட்டும் இருந்தால் அடிக்கடி மாட்டிக் கழற்றித் துளை பெருத்துவிடும், தாள் ஆடும். துளையோரத்தில் பசைநாடா ஒட்டி, அதன் மேல் பஞ்ச் செய்யுங்கள். எல்லாத் தாளையும் காகித இழை ஒரே திசையில் ஓடும்படி வெட்டுங்கள். ஈரக் காற்றில் காகிதம் இழைக்குக் குறுக்கே அதிகம் உப்பும், நெடுக்கில் குறைவு. திசை கலந்திருந்தால் நேற்று வரைந்ததும் இன்று வரைந்ததும் பொருந்தாது, ஆணி மேல் பழி விழும்.

ஸ்லாஷ் முறையில் பின்னணி ஒரு தாள், உருவம் இன்னொரு தாள். உருவத்தாள் மேலே. உருவம் நடமாடும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கிழித்துவிடுவார்கள், அந்த இடைவெளியில் அடியிலுள்ள பின்னணி தெரியும். கை மட்டும் அசையும் காட்சியென்றால் உடம்பு ஒரே தாளில் நிற்கும், கையுள்ள துண்டு மட்டும் மாறும். சொதப்பும் இடம் கிழித்த விளிம்பு: பக்கவாட்டு வெளிச்சத்தில் அது நூல் மாதிரி நிழல் விடும், ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறி ஊரும். விளிம்பைத் தொடுவானம், சுவர் மூலை மாதிரி ஏற்கெனவே கோடு உள்ள இடத்தில் கொண்டுபோய் ஒளித்துவிடுங்கள். மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் சம வெளிச்சம் கொடுத்தால் நிழல் செத்துவிடும்.

இன்னொரு அனிமேஷன் தயாரிப்பாளர் ஜே. ஆர். பிரேயின் வழி வேறு. 1914 ஆகஸ்டில் அவர் பெற்ற காப்புரிமை, பின்னணியை நூற்றுக்கணக்கான தாளில் அச்சடித்துவிடுவது. நடுக்கம் போயிற்று, ஆனால் உருவம் பின்னணிக் கோட்டைக் கடக்க முடியாது. அதனால் உருவம் நடக்கும் இடத்தை வெறுமையாக விட்டே காட்சி அமைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பல படங்களில் நடுவில் அவ்வளவு வெள்ளை இருப்பது இதனால்தான்.

முடிச்சை அவிழ்த்தவர் ஏர்ல் ஹர்ட். ஒளி ஊடுருவும் செல்லுலாய்டில் உருவம், அடியில் ஒரே ஒரு பின்னணிப் படம். காப்புரிமை கிடைத்தது 1915 ஜூனில். பிரேயும் ஹர்டும் காப்புரிமைகளை ஒன்றாக்கி, 1932-இல் காலாவதியாகும்வரை மற்ற ஸ்டூடியோக்களிடம் உரிமத் தொகை வாங்கினார்கள். ஆகவே 1915-க்குப் பிறகு எல்லோரும் செல்லுக்கு மாறினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1920-களின் 'ஃபெலிக்ஸ்' படங்களில் பூனை காகிதத்தில் இருக்கும், பின்னணிதான் மேலே செல்லில் இருக்கும். தலைகீழ் ஏற்பாடு.

செல்லிலும் தொல்லை உண்டு. தாளுக்குத் தாள் லேசான மஞ்சள் ஏறும். ஒரு காட்சியில் மூன்று அடுக்கு இருந்து திடீரென்று இரண்டானால் பின்னணி பளிச்சென்று வெளுக்கும். அடுக்கு எண்ணிக்கையை மாற்றாமல், காலி இடத்துக்கு வெற்றுச் செல் போட வேண்டும். தூசி ஒட்டும், வண்ணம் காய்ந்து உதிரும். வண்ணத்தில் துளி கிளிசரின் சேர்ப்பது அதற்காகத்தான். அன்றைய செல் நைட்ரேட், எளிதில் தீப்பிடிக்கும், பழைய செல் கையில் கிடைத்தால் விளக்குச் சூட்டில் வைக்காதீர்கள்.

மைக்கூடு

கேமரா விஷயம் விட்டுப்போயிற்று. அன்றைய 35 மி.மீ. கேமராவில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 ஃபிரேம் ஓடும். அனிமேஷனுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம் என்று தனி அச்சு. சுற்றும் வேகம் கையைப் பொறுத்தது, மெதுவாகச் சுற்றிய ஃபிரேமில் வெளிச்சம் கூடும், திரையில் மினுக்கும். டிஜிட்டலிலும் இதே மினுக்கல் வேறு வாசலில் வரும்: எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தை முழுக்க மறையுங்கள்.

நிழலட்டை

480 தாள் மலைப்பாக இருந்தால் வெட்டிய அட்டை வழியும் இருக்கிறது. முழுநீளப் படத்தின் தொடக்கமே அதுதான். கிரினோ கிறிஸ்டியானி 1917-இல் பியூனஸ் அயர்ஸில் வெளியிட்ட 'எல் அபோஸ்தொல்' அட்டை உருவங்களால் ஆனது. பிரதி தீயில் போய்விட்டது. லோட்டே ரைனிகர் 1926-இல் முடித்த 'இளவரசர் அக்மத்' நிழலுருவப் படம், மூன்று வருட வேலை. கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத் தகடும் சேர்த்து வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் கோத்து, அடியில் விளக்குள்ள கண்ணாடி மேசையில் நகர்த்திப் பிடித்தது. ஈயம் எதற்கு என்றால், எடை இருந்தால்தான் உருவம் கண்ணாடியோடு படியும். வெறும் அட்டை சுருண்டு எழும்பினால் விளிம்பு மங்கும்.

பின்னணிப் பிரச்சினையே இங்கே எழாது: ட்ரேசிங் தாளை அடுக்கடுக்காக ஒட்டினால் ஒரு அடுக்குள்ள இடம் வானம், நான்கு அடுக்குள்ள இடம் மலை, மேலே கறுப்பு உருவம் எதையும் மறைத்துவிடும். ஆனால் வரைந்த படத்தில் நடுவில் ஒரு தாள் கெட்டால் அதை மட்டும் திரும்ப வரையலாம். அட்டையில் முழங்கை பட்டு உருவம் நகர்ந்துவிட்டால் பழைய இடம் திரும்பக் கிடைக்காது. மூட்டுக் கம்பியை, விரலால் தள்ளினால் மட்டும் அசையும் அளவுக்கு இறுக்குங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முந்தைய ஃபிரேமைத் திரையில் மங்கலாக வைத்து ஒப்பிடுங்கள். காலில் தொடங்காமல் முதலில் இடுப்பை நகர்த்துங்கள், பிறகு தொடை, பிறகு பாதம். கால் முதலில் போனால் இடுப்பை நகர்த்தும்போது அது இழுபட்டு, பாதம் தரையில் வழுக்கும்.