கேமராவிலிருந்து வைஃபையில் படம் அனுப்பும்போது பாதியில் அறுந்து போகிறது: ஃபோன், லேப்டாப் ரெண்டுக்கும் வழி?

நிழல்வெளிச்சம்

வணக்கம். கேமரா 24 மெகாபிக்சல் மிரர்லெஸ், ரெண்டு கார்டு ஸ்லாட். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ப்ளூடூத் உண்டு, மெனுவில் எஃப்டிபியும் (நெட்வொர்க் வழியாகக் கணினிக்கு ஃபைல் அனுப்பும் முறை) இருக்கிறது. ஃபோன் ஆண்ட்ராய்டு 13, லேப்டாப் விண்டோஸ் 11.

எடுத்த கையோடு பத்துப் பதினைந்து படம் ஃபோனுக்கு வரணும். அது போக, எடுக்க எடுக்க எல்லா ஜேபெக்கும் லேப்டாப்பில் போய் விழணும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அங்கேயே தேர்ந்தெடுக்க.

இப்போது நடப்பது: ஆப்பில் இணைப்பு கிடைக்கிறது, நாலைந்து படம் வருகிறது, அப்புறம் 'கேமரா கிடைக்கவில்லை' என்கிறது. ரா ஃபைல்கள் (ஜேபெக்காக மாற்றாமல் கேமரா அப்படியே சேமிப்பவை) பட்டியலிலேயே இல்லை. ப்ளூடூத்தில் தானாக வருகிற படங்கள் ரொம்பச் சின்னதாக இருக்கின்றன. ஆப்பை அழித்து மறுபடி போட்டதில் இப்போது பேரிங்கும் ஆகமாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

---

ஷட்டர்சத்தம்

முதல்ல பேரிங். நீங்க அழிச்சது ஆப்பை மட்டும்தான். கேமராவுக்குள்ள உங்க ஃபோன் பேரு அப்படியே உட்கார்ந்திருக்கும். மூணு இடத்துல துடைக்கணும்: கேமரா மெனுவில் இணைந்த கருவிகள் பட்டியல், ஃபோனின் ப்ளூடூத் பட்டியல், ஃபோன் சேமிச்சு வச்சிருக்கிற வைஃபை பட்டியல். கேமராவையும் ஃபோனையும் அணைச்சுப் போட்டுட்டு, இந்தத் தடவை ஆப்புக்குள்ள இருந்தே பேரிங் ஆரம்பிங்க. ஃபோனின் ப்ளூடூத் செட்டிங்ஸ்ல போய் இணைச்சா இணைஞ்ச மாதிரி காட்டும், ஆப் கண்டுக்காது.

அடுத்து அறுந்து போறது. இதுல கேமராவைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, ஃபோன்தான் ஓடிப் போகுது. கேமரா தானே ஒரு வைஃபையைக் கிளப்புது, ஃபோன் அதுல வந்து ஒட்டிக்குது. அந்த வைஃபையில இணையம் கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்துட்டு 'இது உதவாது'ன்னு ஃபோன் மொபைல் டேட்டாவுக்கோ, ஏற்கெனவே தெரிஞ்ச வேற வைஃபைக்கோ தாவிடும். உங்களுக்கு நாலைந்து படம் வந்து நிக்கறது அதனாலதான். சோதிச்சுப் பார்க்க சுலபமான வழி: மொபைல் டேட்டாவை அணைச்சுட்டு ஐம்பது படம் இழுத்துப் பாருங்க. ஒழுங்கா வந்தா இதுதான் காரணம்.

நிரந்தரமா சரி பண்ண:

– 'இந்த வைஃபையில் இணையம் இல்லை, இணைப்பில் தொடரவா?'ன்னு கேட்கும்போது 'ஆம்' கொடுங்க, 'மீண்டும் கேட்காதே' கட்டத்தையும் டிக் பண்ணுங்க. பலர் அந்த அறிவிப்பைத் தள்ளி விட்டுடறாங்க.
– வைஃபை செட்டிங்ஸ்ல 'தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறு' மாதிரி ஒண்ணு இருந்தா அணைங்க.
– விபிஎன் இருந்தா அணைங்க. விளம்பரம் தடுக்கிற ஆப்கள்ல பலதும் உள்ளுக்குள்ள விபிஎன்தான், மறந்துடாதீங்க.
– ஆண்ட்ராய்டு 13னா ஆப்புக்கு 'அருகிலுள்ள கருவிகள்' அனுமதி வேணும். 11, அதுக்குக் கீழன்னா இருப்பிட அனுமதி வேணும், இருப்பிடமும் ஆன்ல இருக்கணும்.
– கேமராவின் ஆட்டோ பவர் ஆஃப் 30 நொடியிலோ ஒரு நிமிஷத்திலோ இருந்தா 5 நிமிஷத்துக்கு மேல ஏத்துங்க.

ரா தெரியாதது கோளாறு இல்ல. நிறைய ஆப்கள் ராவைக் காட்டவே காட்டாது. ரா ப்ளஸ் ஜேபெக்ல எடுங்க, இல்லேன்னா கேமராவுக்குள்ளயே ராவை ஜேபெக்கா மாத்திட்டு அனுப்புங்க. ப்ளூடூத்ல சின்னப் படம் வரறதும் தெரிஞ்சு செஞ்சதுதான். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் ஆப் மூலமா தானா அனுப்புற படம் 2 மெகாபிக்சல். ஃபோன் திரையில பார்க்க, பகிர அது போதும்.

---

எஃப்எட்டு

மேலே சொன்னது சரி. ஆனால் 'எல்லா ஜேபெக்கும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஆண்டெனா வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், காகிதத்தில் 72 மெகாபிட். கையில் கிடைப்பது அதில் பாதிகூட இருக்காது. நொடிக்கு 3 மெகாபைட் என்று வையுங்கள். முழு அளவு ஜேபெக் ஒன்று சுமார் 10 மெகாபைட், 300 படத்துக்கு 3 கிகாபைட், 17 நிமிடம். ரா ஒன்று 28 மெகாபைட் என்றால் அதே 300 படத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். ப்ளூடூத் லோ எனர்ஜியில் இதை நினைத்தே பார்க்க வேண்டாம். அது கேமராவை எழுப்பவும், நேரம், இருப்பிடம் கொடுக்கவும், குட்டிப் படம் ஒன்றிரண்டு அனுப்பவும் ஆனது.

ஆகவே முதல் ஸ்லாட்டில் ரா, ரெண்டாவது ஸ்லாட்டில் சிறிய அளவு ஜேபெக் என்று பிரித்து வையுங்கள். 24 மெகாபிக்சலில் 'சிறிய' அளவு பெரும்பாலும் 6 மெகாபிக்சல், ஃபைல் 2 முதல் 3 மெகாபைட். ஒரு நொடியில் ஒரு படம் போய்விடும். படத்தில் இருப்பவரின் கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று தேர்ந்தெடுப்பவர் பார்க்க இதுவே போதும். எந்த ஸ்லாட்டிலிருந்து அனுப்புவது என்பதை எஃப்டிபி மெனுவில் தேர்வு செய்ய விடுகிறதா என்று பாருங்கள்.

கேமராவும் ஆளும் நகராமல் ஒரே இடத்தில் என்றால் வைஃபையே வேண்டாம், யூஎஸ்பி கேபிள் போட்டு டெதர் செய்யுங்கள் (கேமராவை நேரடியாக லேப்டாப்போடு இணைத்து எடுப்பது). ராவும் சேர்ந்தே வரும். பிடிவாதமாக வயர்லெஸ்தான் வேண்டும் என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

---

கம்பியில்லாத்தந்தி

கேபிள் எல்லா இடத்திலும் ஒத்துவராது, யாராவது தடுக்கி விழுவார்கள். லேப்டாப்புக்கு எஃப்டிபியே சரி. அனுப்பும் கேமரா க்ளையன்ட், வாங்கும் லேப்டாப் சர்வர். லேப்டாப்பில் போட ஃபைல்ஜில்லா சர்வர் என்ற மென்பொருள் இலவசம்.

1. நடுவில் ஒரு ரௌட்டர் வையுங்கள். கேமரா வைஃபையில், லேப்டாப் லேன் கேபிளில். ரெண்டும் ஒரே 2.4 வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு படமும் காற்றில் இரு முறை போகும் (கேமரா–ரௌட்டர், ரௌட்டர்–லேப்டாப்), வேகம் பாதியாகும்.

2. ரௌட்டரில் லேப்டாப்புக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.50. இல்லாவிட்டால் நாளைக்கு ஐபி மாறும், கேமரா பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும்.

3. ரௌட்டரின் பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்றிருந்தால் பழைய கேமராக்கள் சேராது. டபிள்யூபிஏ2, 3 கலந்த முறைக்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள். அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும்.

4. விண்டோஸில் அந்த நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கட்டும்.

5. சர்வரில் ஒரு பயனர், பாஸ்வேர்ட், ஒரு ஃபோல்டர், அதில் எழுதும் அனுமதி. ஃபோல்டர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும். கேமராவின் குட்டி விசைப்பலகையில் சிறப்புக் குறிகளைத் தேடி அலைய வேண்டாம்.

6. கேமரா எஃப்டிபிஎஸ் (பூட்டி அனுப்பும் எஃப்டிபி) தெரிந்ததென்றால் அதையே போடுங்கள். தெரியாவிட்டால் சர்வரில் சாதாரண எஃப்டிபியை அனுமதிக்க வேண்டும். அதில் பாஸ்வேர்ட் திறந்தபடி போகும், எனவே உங்கள் சொந்த ரௌட்டரில் மட்டும்.

7. ஃபயர்வாலில் போர்ட் 21ஐயும், பாசிவ் மோடுக்கு (படம் வர வேண்டிய போர்ட்டைச் சர்வரே சொல்லும் முறை) 50000 முதல் 50100 வரையும் திறங்கள். கேமராவில் பாசிவ் மோட் ஆன்.

8. கேமராவில் 'எடுத்ததும் தானாக அனுப்பு' ஆன், வகை ஜேபெக் மட்டும்.

லைட்ரூம் க்ளாசிக்கின் ஆட்டோ இம்போர்ட்டை அந்த ஃபோல்டர் மேல் வைப்பதானால், அமைக்கும்போது ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். வேறு மென்பொருள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: படம் முழுதும் வந்து சேருமுன் சில மென்பொருள்கள் ஃபைலைத் திறந்துவிடும். மேல்பாதி படம், கீழ்ப்பாதி சாம்பல் நிறம் என்று தெரியும். கேமராவிலோ கார்டிலோ பழுதில்லை, மறுபடி திறந்தால் சரியாகிவிடும்.

---

நிழல்வெளிச்சம்

மூன்று இடத்தில் அழித்ததும் பேரிங் ஆகிவிட்டது. மொபைல் டேட்டாவுக்குத் தாவுவதை நிறுத்தியதும் ஃபோனுக்கு 60 படம் அறுபடாமல் வந்தது. நன்றி.

எஃப்டிபியில் கேமரா 'இணைந்தது' என்கிறது, ஆனால் படம் எதுவும் விழவில்லை. சர்வர் பதிவில் 220, 331, 230 வருகிறது, பிறகு

227 ... (192,168,1,50,227,14)

அதோடு நின்று, கொஞ்ச நேரத்தில் அறுந்து விடுகிறது. ஃபயர்வாலில் நீங்கள் சொன்ன போர்ட் எல்லாம் திறந்திருக்கிறேன்.

---

கம்பியில்லாத்தந்தி

பதிவைப் போட்டது நல்லதாயிற்று, பதில் அதிலேயே இருக்கிறது. 220 சர்வரின் வரவேற்பு, 331 பாஸ்வேர்ட் கேட்பது, 230 உள்ளே வந்தாயிற்று. ஆக 21ஆம் போர்ட்டும் பாஸ்வேர்டும் சரி.

227 என்ற வரியில் சர்வர் 'படத்தைக் கொண்டுவர இந்தக் கதவுக்கு வா' என்று முகவரி சொல்கிறது. முதல் நாலு எண் ஐபி. கடைசி ரெண்டில் போர்ட் ஒளிந்திருக்கிறது: முதலாவதை 256ஆல் பெருக்கி ரெண்டாவதைக் கூட்டுங்கள். 227 × 256 + 14 = 58126.

நீங்கள் திறந்தது 50000 முதல் 50100 வரை. சர்வர் கைகாட்டுவது 58126. ஃபயர்வாலில் வரம்பு போட்டீர்கள், சர்வரிடம் சொல்லவில்லை. ஃபைல்ஜில்லாவின் பாசிவ் மோட் பக்கத்தில் தனி வரம்பு என்பதை டிக் செய்து அதே 50000–50100 கொடுங்கள். அதன் பிறகு 227 வரியின் கடைசி ரெண்டு எண் 195,80 (அதாவது 50000) முதல் 195,180 (50100) வரைக்குள் வரணும்.

முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: 530 வந்தால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 550 வந்தால் ஃபோல்டர் பாதை அல்லது எழுதும் அனுமதி.

---

பழையலென்ஸ்

இடையில் ஒரு கேள்வி. வைஃபையே இல்லாத பழைய டிஎஸ்எல்ஆருக்கு வைஃபை எஸ்டி கார்டு வாங்கலாமா? ஃபோன் ஐஃபோன்.

---

எஃப்எட்டு

வேண்டாம். ஐ-ஃபையின் பழைய கார்டுகளுக்கான சேவை 2016 செப்டம்பரோடு நின்றுவிட்டது. தோஷிபாவின் ஃப்ளாஷ்ஏரும் உற்பத்தியில் இல்லை. தவிர, கேமரா உடம்புக்குள் புதைந்த கார்டின் ஆண்டெனாவுக்கு எட்டும் தூரம் குறைவு. இன்னொரு ஆபத்து: கார்டில் என்ன இருக்கிறது என்ற கணக்கைக் கேமரா தன் நினைவில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் ஃபோனிலிருந்து படத்தை அழித்தாலோ எழுதினாலோ கேமராவுக்குத் தெரியாது, ஃபைல் அமைப்பே குழம்பிப் போகலாம். ஐஃபோனில் கார்டு ரீடரைச் செருகி, ஃபோட்டோஸ் ஆப்பில் இம்போர்ட் செய்யுங்கள். ராவும் வரும்.

பின்னாளில் வைஃபை கேமரா வாங்கி ஐஃபோனோடு இணைத்தால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஐஓஎஸ் 14 முதல் ஆப்புக்கு 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி தனி. முதல் தடவை கேட்கும்போது மறுத்திருந்தால், வைஃபை இணைந்திருக்கும், ஆப் மட்டும் கேமராவைக் காணாது. செட்டிங்ஸில் பிரைவசி பக்கத்தில் போய்த் திறக்கலாம்.

---

நிழல்வெளிச்சம்

வரம்பு கொடுத்ததும் படங்கள் விழ ஆரம்பித்தன, 227 வரியில் கடைசி ரெண்டு எண் 195,83. சிறிய ஜேபெக் ஒரு நொடிக்குள் வருகிறது. கடைசியாக ஒன்று: வெளியிடத்தில் ரௌட்டர் இல்லையென்றால் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இதே வேலை நடக்குமா? ரெண்டாவது கேமரா ஒன்றும் சேரப் போகிறது.

---

கம்பியில்லாத்தந்தி

நடக்கும். ஹாட்ஸ்பாட்டை 2.4க்கு மாற்றுங்கள், 5இல் இருந்தால் உங்கள் கேமராவின் பட்டியலிலேயே வராது. (ஐஃபோன் 12, அதற்கு மேல் என்றால் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'யை ஆன் செய்யணும்.) லேப்டாப்பின் ஐபி மாறிவிடும், ஐஃபோன் என்றால் 172.20.10 என்று தொடங்கும். அதைப் பார்த்துக் கேமராவில் ரெண்டாவது சர்வர் அமைப்பாகச் சேமித்து வைத்தால் மாறி மாறி டைப் அடிக்க வேண்டாம். ஒவ்வொரு புது நெட்வொர்க்கையும் விண்டோஸ் 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும், பிரைவேட்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். இங்கே லேப்டாப்பும் வைஃபையில் இருப்பதால் வேகம் பாதிதான். பவர்பேங்கில் ஓடும் சின்ன டிராவல் ரௌட்டரும் ஒரு லேன் கேபிளும் இருந்தால் ஐபியும் மாறாது, வேகமும் குறையாது.

ரெண்டு கேமராவுக்கும் ஃபைல் பெயரின் முன்னெழுத்துகளை இப்போதே வேறுபடுத்துங்கள். ஒரே பெயரில் ஒரே ஃபோல்டருக்கு வந்தால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதிவிடலாம். சர்வரில் கேமராவுக்கு ஒரு பயனர், ஒரு ஃபோல்டர் என்று பிரிப்பது இன்னும் நல்லது. கடிகாரத்தை ரெண்டையும் ஒரே ஃபோனிலிருந்து சரிசெய்யுங்கள். பத்து நொடி வித்தியாசம் இருந்தாலே நேர வரிசையில் அடுக்கும்போது படங்கள் முன்னே பின்னே கலந்துவிடும்.