ஹிட்லரை ஏன் திரும்ப எழுப்பினார்கள்?

குழு: கல்லடி வீட்டுக்காரர்
ஞாயிறு, இரவு 7.40

நான்: நேற்று தம்பியின் லப்டொப்பில் பிள்ளைகள் பார்த்த கார்ட்டூனைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். சுப்பர்மேன் மாதிரி வீரர்கள் ஒன்றாகச் சேர்ந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ தொடரில் ‘தி சாவேஜ் டைம்’ என்ற மூன்று பகுதிக் கதை. முடிந்ததில் இருந்து மகனுக்கு ஒரே கேள்வி: “அம்மா, ஹிட்லரை ஏன் திரும்ப எழுப்பினாங்க?” என்னிடம் பதில் இல்லை.

தம்பி: அந்தத் தொடரிலேயே எனக்குப் பிடித்த கதை அக்கா அது. 2002இல் வந்தது. பார்த்தவர்கள் எப்போதும் இரண்டு கட்சிதான்.

மச்சாள்: நான் பார்க்கவில்லை. கதை என்ன?

தம்பி: வண்டல் சாவேஜ் என்று சாவே இல்லாத ஒருவன். இந்தக் காலத்தில் இருந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருக்கும் தனக்கே ஒரு லப்டொப்பை அனுப்புகிறான். போரில் என்ன நடக்கப்போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை வைத்து அந்தக் காலத்துச் சாவேஜ் ஹிட்லரை உறைய வைத்துவிட்டு ஜேர்மன் படையைத் தன் கைக்குள் எடுக்கிறான். உலகமே அவனுடையதாகிவிடுகிறது. சுப்பர்மேன், வொண்டர் வுமன் ஆட்கள் அந்தக் காலத்துக்கே போய் அவனை நிறுத்துகிறார்கள். பேட்மேன் மட்டும் போகவில்லை.

நான்: நிறுத்திய பிறகு நடப்பதையும் சொல்லு.

தம்பி: சாவேஜ் போனதும் ஹிட்லரை உறைநிலையில் இருந்து எழுப்பிப் பழையபடி தலைமையில் இருத்துகிறார்கள். லீக் வீட்டுக்கு வருகிறது. வரலாறு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

நான்: அந்த இடம்தான் எனக்குச் சரிவரவில்லை. கதை நடப்பது 1944இல், பிரான்ஸ் கரையில் நோர்மண்டிச் சண்டை நடக்கும் காலம். நோர்மண்டியில் நேச நாட்டுப் படை இறங்கியது ஜூன் 6. ஜேர்மனி சரணடைந்தது அடுத்த வருடம் மே மாதம். இடையில் பதினொரு மாதம். ஒளிந்திருந்து டயரி எழுதிய யூதப் பிள்ளை ஆன் ஃபிராங்கின் குடும்பம் பிடிபட்டது 1944 ஆகஸ்ட் 4ஆம் திகதி. அந்தப் பிள்ளை செத்தது 1945இல். யூதர்களை அடைத்துக் கொன்ற நாசி முகாம்கள் அந்த நேரம் முழுக்க இயங்கிக்கொண்டிருந்தன. சுப்பர்மேன் அங்கேயே நின்றவர். பறக்கத் தெரிந்தவர். ஒரு வசனமாவது, ஒரு தயக்கமாவது வேண்டாமா? நான் பார்த்த மட்டில் அந்த முகாம்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

பெரியமாமா: மகள், ஒரு ஆளை எடுத்தால் போர் நின்றுவிடும் என்று நினைக்கிறீர்களா? 1944 ஜூலை 20ஆம் திகதி அவருடைய சொந்த அதிகாரிகளே குண்டு வைத்தார்கள். தப்பிவிட்டார். செத்திருந்தாலும் அடுத்த நாளே முகாம் எல்லாம் திறந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே எத்தனை தலைகள் போயின. போர் நின்றதா?

களுவாஞ்சிக்குடி அக்கா: மாமா சொல்வது சரி. ஆனால் என் பிரச்சினை வேறு. பெரிய சக்கரம் மாதிரி ஒரு டாங்கி உருண்டு வருமே, அதைப் பார்த்துச் சின்னவள் கைதட்டினாள். எனக்கு 2007 மார்ச் ஞாபகம் வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை நடக்க, அங்கத்தைச் சனம் உடுத்த உடுப்போடு இக்கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களில் படுத்த நேரம். எறிகணை தலைக்கு மேலால் போகும்போது ஒரு சத்தம், போய் விழும்போது வேறு சத்தம். நடுவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். கார்ட்டூனில் அந்த நடு நேரம் இல்லை. வெடிக்கிறது, அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

மச்சாள்: நாளைக்கு ரியூசன் 3 மணிக்கா, 4 மணிக்கா?

நான்: 4 மணி.

தம்பி: பெரியக்கா, நீங்கள் தேடும் அந்த நடு நேரம் ஜோன் ஸ்டுவர்ட் வரும் இடத்தில் கொஞ்சம் இருக்கிறது. லீக்கில் மோதிரத்தின் சக்தியால் சண்டை போடும் கிரீன் லான்டர்ன் அவர்தானே. மோதிரத்தில் சக்தி தீர்ந்துவிடுகிறது. திரும்ப ஏற்ற வழியில்லை, பற்றரி அவருடைய காலத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வெறும் மனிதன். முன்னாள் மரைன், அதாவது அமெரிக்கப் படைவீரர் என்பதால் சார்ஜன்ட் ரொக்கின் ஈசி கொம்பனி என்ற படைப்பிரிவோடு துவக்கைத் தூக்கிக்கொண்டு சேறு வழியே நடக்கிறார். அப்போதுதான் அவருக்கும் பயம் வருகிறது. நான் இதற்காகவே திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

பெரியமாமா: அந்தப் பகுதி எனக்கும் பிடித்தது மனே. பார்க்கும்போது ஹெர்மிஸ் ஞாபகம் வந்தது. 1942 ஏப்ரல் 9, யப்பான் விமானங்கள் காலையில் திருகோணமலையை அடித்தன. ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை முதல்நாள் இரவே துறைமுகத்தில் இருந்து தெற்கே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது எங்கள் மட்டக்களப்புக் கடலில் வைத்துக் கண்டுவிட்டார்கள். கப்பலில் ஒரு விமானமும் இல்லை, எல்லாம் கரையில். 300 பேருக்கு மேல் செத்தார்கள். கூடப் போன அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. தப்பியவர்களில் பெரும்பகுதியை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் தூக்கியது. விமானந்தாங்கி என்று பெயர், தாங்க விமானம் இல்லை. மோதிரம் அணைந்த அந்த ஆளும் அப்படித்தான். அந்தப் போர் எங்கேயோ ஐரோப்பாவில் நடந்தது என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. கப்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, வெளிநாட்டுக்காரர் சுழியோடிப் பார்க்க வருகிறார்கள்.

களுவாஞ்சிக்குடி அக்கா: இதை நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியே இல்லை மாமா!

கனடா சித்தப்பா: இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். மகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சுப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1940 பெப்ரவரியில் ‘லுக்’ என்ற அமெரிக்கச் சஞ்சிகைக்கு இரண்டு பக்கத்தில் ஒரு படக்கதை செய்தார்கள். சுப்பர்மேன் போரை எப்படி முடிப்பார் என்பதுதான் கதை. ஹிட்லரைக் கழுத்தில் பிடித்துத் தூக்குகிறார். போய் ஸ்டாலினையும் தூக்குகிறார். இரண்டு பேரையும் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்பு இருந்த சர்வதேச சங்கத்தின் முன்னால் கொண்டுபோய் விடுகிறார். கொல்லவில்லை, விசாரணைக்கு நிறுத்துகிறார். அமெரிக்கா அந்த நேரம் போருக்குள் வரக்கூட இல்லை.

நான்: சித்தப்பா, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அவரைப் பெற்றெடுத்தவர்களுக்கு 1940இல் தெரிந்திருக்கிறது. 62 வருடம் கழித்து அதே சுப்பர்மேன் அந்த ஆளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்.

தம்பி: அக்கா, 1940இல் அது கனவு. 2002இல் எழுதினவர்களுக்கு நடந்தது என்ன என்று தெரியும். சுப்பர்மேன் ஹிட்லரைப் பிடித்தார் என்று காட்டினால், உண்மையில் செத்தவர்களை என்ன செய்வது? அவர்கள் சாகவில்லை என்றா காட்டுவது? அதுவும் பொய்தானே.

பெரியமாமா: நல்ல கேள்வி மனே.

நான்: நல்ல கேள்விதான். அவரைப் பிடித்துக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. விட்டுவிட்டு வரும்போது அது என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். வொண்டர் வுமனுக்குத் தெரிகிறது. கடைசியில் முதியோர் இல்லத்தில் கிழவனாகிப்போன ஸ்டீவ் டிரெவரை, போரில் சந்தித்து அவள் விரும்பியவனை, பார்க்கப் போகிறாளே, அங்கே நான் அழுதுவிட்டேன். அவளுக்கு நேற்று, அவனுக்கு ஒரு ஆயுள். ஒருவருடைய இழப்புக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கத் தெரிந்தவர்கள் மற்றதுக்கும் அரை நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். வரலாறு பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிறார்கள். பழைய இடத்தில் செத்துப்போனவர்களின் வீட்டில் இருந்து பார்த்தால் அதில் என்ன நிம்மதி? எங்கள் வீடுகளில் யாரிடமாவது நடந்தது நடந்தபடியே இருக்கட்டும் என்று சொல்ல முடியுமா?

களுவாஞ்சிக்குடி அக்கா: என்னிடம் சொல்ல முடியாது.

மச்சாள்: என்னிடமும்தான்.

தம்பி: சரி. அப்ப பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கக் கூடாது என்கிறீர்களா?

நான்: இல்லை, இல்லை. காட்டியது நல்லது. வேறு எந்தக் கார்ட்டூன் பார்த்தும் அவன் இப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் பெரியவர்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேற்று நாங்கள் எல்லோரும் குசினியில் நின்றோம்.

பெரியமாமா: வருகிற சனிக்கிழமை மூன்றாம் பகுதியை மட்டும் திரும்பப் போடுங்கள். அந்த இடத்தில் நிறுத்துங்கள். 1944இல் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன், ஹெர்மிஸையும் சேர்த்து. அதற்குப் பிறகு அவர்களே முடிவு செய்யட்டும், ஜஸ்டிஸ் லீக் செய்தது சரியா பிழையா என்று.

தம்பி: வருகிறேன் மாமா. சித்தப்பா, அந்த இரண்டு பக்கப் படக்கதை கிடைத்தால் அனுப்புங்கள், அதையும் காட்டலாம்.

கனடா சித்தப்பா: தேடி அனுப்புகிறேன்.

களுவாஞ்சிக்குடி அக்கா: பெரியவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சின்னவள் இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.

நான்: மாமா, சனிக்கிழமை உங்களோடு இன்னும் வாதாடுவேன், சொல்லிவிட்டேன்.

பெரியமாமா: வாதாடு புள்ள. 4 மணிக்குத் தொடங்குங்கள், 6 மணிக்கு எனக்குக் கோயில் கூட்டம்.