மறு: அணுகல்தன்மையா, எளிமையா? போட்டி ஆட்டங்களுக்கான கலைச்சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம். வீடியோ போட்டி ஆட்டங்களில் புதியவர் எவ்வளவு சுலபமாக நுழையலாம் (அக்ஸசிபிலிட்டி), ஆட்டம் ஆடுவோரை எவ்வளவு தூரம் சிந்திக்க வைக்கிறது (டெப்த்) என்பவற்றுக்கு விக்சனரி என்ற இணைய அகராதியில் தமிழ்ச் சொல் சேர்க்கும் பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> அக்ஸசிபிலிட்டிக்கு அணுகல்தன்மை, டெப்துக்கு ஆழம். இதில் பேச என்ன இருக்கிறது?

ஆழம் சரி. அணுகல்தன்மையை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம் ஐயா. பார்வை, செவி, கை அசைவு ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களும் மென்பொருளைப் பயன்படுத்த வழிசெய்வதற்கு அந்தச் சொல் வேரூன்றிவிட்டது. 2023இல் வந்த சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ஐயே பாருங்கள். எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை ஒலியால் உணர்த்தும் அமைப்பு அதில் உண்டு. அது அணுகல்தன்மை. புதியவர்களுக்காக 'மாடர்ன்' என்ற கட்டுப்பாட்டு முறையும் அதே ஆட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிப்பவர் குழம்பிப்போவார்.

அதற்கு மாற்றாக அடுத்து முன்வைக்கப்பட்ட 'எளிமை'யில் எனக்கு இன்னும் பெரிய தயக்கம். எளிமை கூடினால் ஆழம் குறையும் என்ற தீர்ப்பை அது பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறது. அந்த ஆட்டத்தின் வீரர் ரியூ மேல்நோக்கி எழும்பிக் குத்தும் ஷோர்யூக்கன் அடியை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் முன், கீழ், அப்புறம் இரண்டுக்கும் நடுவிலுள்ள மூலை என்று குச்சியைத் திருப்பிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். எதிராளி தாவி வருகிற அந்தக் கணத்தில் இது பிசகாமல் வர, கை நாள்கணக்கில் பழக வேண்டும். மாடர்னில் முன்பக்கம் தள்ளி ஒரே பொத்தான். அதற்கு ஈடாக அடியின் வலு 20 சதவீதம் குறையும், சாதாரண அடிகளில் சிலவும் கிடைக்காது. ஆனால் எதிராளி தாவுவாரா, நடந்து வந்து பிடித்து எறிவாரா என்று கணிப்பது இரண்டு முறையிலும் ஒரே வேலைதான். குறைந்தது கைப்பழக்கத்தின் சுமை; கணிப்பு அப்படியே இருக்கிறது.

அதனால் ஸ்கில் ஃப்ளோருக்கு 'நுழைவுத்திறன்' என்று முன்மொழிகிறேன். நுழைவுக் கட்டணம் மாதிரி, உள்ளே வரத் தேவைப்படும் திறன். 'நுழைதிறன்' என்று சுருக்கினால் ஊடுருவும் ஆற்றல் என்று பொருள்படும். ஆட்டத்தில் ஒருவர் எட்டக்கூடிய அதிகபட்சத் திறனான ஸ்கில் சீலிங்குக்குக் கூரை வேண்டாம். நில உச்சவரம்புச் சட்டத்தால் நமக்குப் பழகிய 'உச்சவரம்பு' இருக்கிறதே. நினைத்த அடியைக் கை பிசகாமல் இயக்குவதான எக்ஸிகியூஷனுக்குக் 'கைப்பழக்கம்'. 'செயலாக்கம்' என்றால் கணினிக்காரர்களுக்கு நிரல் ஓடுவதுதான் நினைவுக்கு வரும்.

கைப்பழக்கமே ஆழத்தின் ஒரு பகுதிதான் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1998இன் போர்த்தந்திர ஆட்டமான ஸ்டார்கிராஃப்டில் ஒரே நேரத்தில் 12 படையலகுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது. புதிதாக உருவாகும் தொழிலாளியைக் கனிமம் எடுக்கக் கையாலேயே அனுப்பவும் வேண்டும். 2010இல் வந்த இரண்டாம் ஆட்டம் இரண்டு தடைகளையும் எடுத்துவிட்டது. அங்கே பொத்தான் தட்டும் வேகம் மட்டுமா போயிற்று? சண்டையைப் பார்ப்பதா, தளத்துக்குத் திரும்பித் தொழிலாளியை அனுப்புவதா என்று ஆட்டக்காரர் நொடிக்கு நொடி எடுத்த முடிவுகளும் குறைந்தன. ஷோர்யூக்கனில் கையின் சுமையை இறக்கலாம், ஸ்டார்கிராஃப்டில் இறக்கியது இழப்பு என்று ஒருவர் சொன்னால் அதில் முரண் இல்லை. அப்படி வாதிடக் கைப்பழக்கத்துக்கும் ஆழத்துக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. 'நுழைவுத்திறன் குறைந்த ஆட்டம்' என்று எழுதினால் ஆட்டத்தில் ஏதோ குறை என்பதுபோல் படுகிறது. அடைமொழியாக 'எளிநுழைவு ஆட்டம்' என்று வைத்துக்கொள்ளலாமா? இதைவிட நல்லது தோன்றினால் விக்சனரியில் சேர்க்கும் முன் எழுதுங்கள்.