மலைக்குளிரில் பழகிய வேகம் வெயிலில் ஏன் கைகொடுப்பதில்லை?

கேள்வி – அட்டனிலிருந்து

பனி மூடிய காலைகளில் பயிற்சி செய்து பழகிய நான், கடந்த மாதம் கொழும்பில் மரதன் ஓடினேன். இங்கு ஓடும் அதே வேகத்தில்தான் புறப்பட்டேன். 12ஆம் கிலோமீற்றரிலேயே சப்பாத்துக்குள் வியர்வை சளசளத்தது. 28ஆம் கிலோமீற்றரில் நடக்கத் தொடங்கிவிட்டேன். உலகத் தர வீரர்களையும் வானிலை இப்படி வீழ்த்துமா?

பதில் 1 – நானுஓயாவிலிருந்து

நிச்சயமாக வீழ்த்தும். 2019இல் டோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், வெயிலுக்கு அஞ்சிப் பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேரே முடித்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் 2:17:08 இல் ஓடிய கென்ய வீராங்கனை ரூத் செப்ங்கெடிச், டோஹாவில் 2:32:43 இல் தங்கம் வென்றார். உடலைக் குளிர்விப்பதற்காக இரத்தம் தோலை நோக்கித் திருப்பப்படுவதால், தசைகளுக்குப் போதிய இரத்தத்தை அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது; காற்றில் ஈரப்பதன் மிகுந்தால் வியர்வையும் ஆவியாகாமல் வெறுமனே வழிந்தோடுகிறது. கொழும்பில் உங்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

பதில் 2 – பண்டாரவளையிலிருந்து

வேகத்தைப் பங்கிடுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023இல் சிக்காகோவில் 2:00:35 என்ற சாதனையைப் படைத்த கென்ய வீரர் கெல்வின் கிப்டம், முதல் பாதியை 60:48 இலும் இரண்டாம் பாதியை 59:47 இலும் ஓடினார். 2018இல் பெர்லினில் இன்னொரு கென்ய வீரர் எலியுட் கிப்சோகேக்கு முன்னால் ஓடி வேகம் வகுத்துக் கொடுத்தவர்களில் கடைசி ஆளும் 25ஆம் கிலோமீற்றரில் விலகிய பின்னர், மீதித் தூரத்தை அவர் தனியாகவே ஓடி, இரண்டாம் பாதியை முதற்பாதியைவிட விரைவாக முடித்தார். இப்படி முன்னால் ஓடுபவர்கள் கடிகாரத்துக்காக மட்டும் ஓடுவதில்லை, காற்றையும் தடுக்கிறார்கள். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவருக்கு அது பெரிய உதவி.

பதில் 3 – நானுஓயாவிலிருந்து

ஒரு திருத்தம்: இரண்டாம் பாதியை விரைவாக ஓடினால்தான் சாதனை என்றில்லை. 2022இல் அதே பெர்லினில் கிப்சோகே முதற்பாதியை 59:51 இல் ஓடி, இரண்டாம் பாதியில் தளர்ந்தும் 2:01:09 என்ற சாதனையைப் படைத்தார். குளிர்ந்த காலையில் அத்தகைய துணிச்சலுக்கு இடமுண்டு. வெப்பத்தில் தொடக்கத்தில் செய்த பிழையைப் பின்னர் ஈடுசெய்ய முடியாது. ஆகவே அடுத்த முறை, இயன்றால் போட்டிக்குப் பத்துப் பதினான்கு நாட்கள் முன்பே கொழும்புக்கு இறங்கி, அந்த வெயிலில் மெதுவாக ஓடிப் பழகுங்கள். போட்டியன்று முதல் 10 கிலோமீற்றர் வரை கைக்கடிகாரத்தைவிட உங்கள் மூச்சையே நம்புங்கள்.