சமணர் மலைக்கு மேல் தெரிந்த வெளிச்சம்: வேறு யாராவது பார்த்தீர்களா?

வணக்கம். போன சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி வாக்கில், கீழக்குயில்குடியில் என் சித்தப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது சமணர் மலைக்கு மேலே ஆரஞ்சு நிற வெளிச்சம் ஒன்று அசையாமல் நின்றிருக்கிறது. சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மங்கி மறைந்துவிட்டது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தார். விசாரித்தவர்கள், "வெள்ளி கிரகமாக இருக்கும்" என்று முடித்துவிட்டார்கள். அது எப்படிச் சரியாகும்? வெள்ளி வானத்தில் சூரியனைவிட்டு 48 டிகிரிக்கு மேல் விலகாது; சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் அதுவும் மறைந்துவிடும். அதனால் அந்த நேரத்துக்கு மதுரை வானத்தில் இருக்கவே முடியாது. விண்வெளி நிலையமும் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களும் நகர்ந்துகொண்டே இருக்கும். ட்ரோனா, பறக்கவிட்ட காகித விளக்கா என்றாவது பார்த்திருக்கலாம்.

வானத்தில் தெரிந்த அடையாளம் தெரியாத பொருட்களைப் பற்றி அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய 'ப்ளூ புக்' விசாரணையில் 12,618 புகார்கள் பதிவாயின. 701-க்கு விடை கிடைக்கவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதினார்கள். சித்தப்பா எதிர்பார்ப்பதும் அதுதான். ஊரில் சிலர் அவரைக் கேலி செய்வது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நாகமலை புதுக்கோட்டை, வடபழஞ்சி, துவரிமான் பக்கம் யாராவது பார்த்திருந்தால் நேரம், திசை, எவ்வளவு உயரத்தில் தெரிந்தது என்று சொல்லுங்கள். மலையைப் பார்த்த சிசிடிவி இருந்தால் பதிவு அழிவதற்குள் எடுத்து வையுங்கள். அப்புறம், விசாரணை அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க மனு எழுதத் தெரிந்தவர்கள் உதவுங்கள்.