கோலார் தங்கவயல்காரங்களே, உங்கள் வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது?

அப்பாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். வேட்டிகளுக்கு அடியில் ஒரு பித்தளை டோக்கன். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே ஒரு ஓட்டை, நடுவில் அவர் நம்பர். ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. முப்பத்தோரு வருஷம் சாம்பியன் ரீஃப் மைனில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். ஷிப்டுக்குப் போகும்போது லாம்ப் ரூமில் டோக்கனைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொள்வார், மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்குவார். ஷிப்ட் முடிந்தும் ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

இதை எனக்குச் சொன்னது அம்மா. அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

2001 பிப்ரவரி 28-ல் மைன் மூடினார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் தொடங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 120 வருஷம், சுமார் 800 டன் தங்கம். அந்தக் கணக்கெல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. கே.ஜி.எஃப். படம் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து காரில் வரும் பிள்ளைகள் தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். மைனுக்குள் இறங்கும் ஆழக் குழிகளான ஷாஃப்ட்டுகளில் தண்ணீர் நிறைந்துவிட்டது. மேலே நிற்கும் இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றச் சொல்லி மனு கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் டோக்கன் ஆணியில் தொங்கினால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் வருஷத்துக்குச் சிலராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த அவசரம்தான் பெரிதாகப் படுகிறது. உங்கள் வீட்டில் இருக்கும் பொருளையோ, ஞாபகத்தையோ இங்கே எழுதுங்கள். எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு நாள் சுவரில் மாட்டி, நம் ஊரைக் கொண்டாட வேண்டும் என்பது என் ஆசை. யாருடையது, எதற்கு, எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று விவரமாக எழுதினால் நல்லது.

மாரிக்குப்பம் பேத்தி:

அண்ணா, எங்கள் வீட்டில் பொருள் எதுவும் இல்லை. ஆயாவின் பழக்கம் ஒன்றுதான் இருக்கிறது, அதை எழுதுகிறேன். ஆயா பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே மாட்டாள். கழுவித் தரையிலேயே கவிழ்த்து வைப்பாள். ஏன் ஆயா என்று கேட்டால், "ஏர் பிளாஸ்ட் வந்தா எல்லாம் உருளும்டி" என்பாள். மைன் மூடி அஞ்சு வருஷம் கழித்தும் அப்படித்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன மைன் அது. மேலே இருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் அடியில் பாறை வெடிவைத்த மாதிரி தெறிக்கும். அதற்குத்தான் எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்று பேர். பூமி குலுங்கி வீட்டுச் சுவர் விரியும். 1962-ல் சாம்பியன் ரீஃபில் வந்ததைப் பற்றி ஆயா சொல்லாத நாள் இல்லை. தட்டி வீட்டுக்குள் தூளியில் என் அப்பா தூங்கிக்கொண்டிருந்தாராம். தூளி தானாக ஆடியதும், ஆயா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் ஓடினாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லைனில் இருந்த எல்லாப் பெண்களும் ஓடியிருக்கிறார்கள், அடுப்பை அணைக்காமல்கூட. போய் நின்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்களாம். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மேலே வர வர, இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். எல்லா முகத்திலும் ஒரே புழுதி. நடையை வைத்துத்தான் தாத்தாவை அடையாளம் கண்டேன் என்பாள்.

நானும் இன்றுவரை பாத்திரத்தைக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். என் மாமியாருக்குக் காரணம் தெரியாது. இதைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

வைண்டர் டிரைவர் (ஓய்வு):

எனக்கு வயது 76. பேரன் டைப் செய்கிறான். நான் கீழே போய் வேலை செய்தவன் இல்லை. வைண்டிங் என்ஜின் ஓட்டினவன். கேஜை இறக்கி ஏற்றுவது என் கை. கேஜ் என் கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் ஓட்ட வேண்டும். கீழே இருக்கிறவன் மணி அடிப்பான். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி விழுந்தால் உடனே நிறுத்து. மூன்று மணி விழுந்தால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம். கல் ஏற்றுவதற்கும் ஆள் ஏற்றுவதற்கும் ஓட்டுகிற விதமே வேறு. மூன்று மணி கேட்டால் என் உடம்பு தானாக நிமிரும். இன்றைக்கும் பக்கத்துக் கோயிலில் மூன்று தடவை மணி அடித்தால் கை லீவரைத் தேடுகிறது.

எதிரே பெரிய வட்டத்தில் ஒரு முள் ஆழத்தைக் காட்டும். ஆனால் நான் முள்ளை மட்டும் நம்புகிறவன் இல்லை. கம்பி சுற்றுகிற டிரம்மின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருப்பேன். அந்தக் கோடு என் கண்ணுக்கு நேரே வந்தால் கேஜ் சரியாக லெவலில் நிற்கும், காலடி தட்டாமல் இறங்கலாம். கம்பி நாள்பட நீளும், அதற்கேற்பக் கோட்டை அழித்து அழித்துப் போடுவேன். அந்தச் சாக்பீஸ் துண்டு ஒன்று இன்னும் வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமா தெரியவில்லை.

கரண்டைப் பற்றியும் எழுதச் சொன்னான் பேரன். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி கரண்ட் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான்.

ஆண்டர்சன்பேட்டை வாத்தியார்:

ஐயா, அந்தச் சாக்பீஸை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நான் வந்து பார்க்கிறேன்.

என் பங்குக்கு ஒன்று. 1965-ல் இதே சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் உண்டாகி எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களான நியூட்ரினோக்களின் தடயத்தைப் பிடித்தார்கள். உலகத்தில் முதலில் பிடித்த இடங்களில் ஒன்று நம் ஊர். வானத்திலிருந்து வரும் மற்ற துகள்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும் என்பதால் அவ்வளவு ஆழம் வேண்டியிருந்தது. அந்தக் கருவிகள் கீழே போனது தொழிலாளி போகிற வழியில்தான். எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. "நம்ம ஊர்லயா சார்?" என்கிறார்கள்.

தமிழன் வாசகர் குடும்பம்:

எங்கள் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். படித்தது மூன்றாம் வகுப்பு. வீட்டில் இருபது முப்பது பழைய புத்தகங்கள், முக்கால்வாசி சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டவை. பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை இருந்தது தெரிந்திருக்கும். 1907-ல் சென்னையில் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் மறைந்து பல வருஷம் கழித்து 1926-ல் ஜி. அப்பாதுரையார் நம் தங்கவயலிலிருந்துதான் மறுபடி நடத்தினார். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்து ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். ஒரு புத்தகத்தின் ஓரத்தில் கொள்ளுத்தாத்தா பென்சிலால் "இது சரி" என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டு சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். தங்கவயல் பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் கிளப், கோல்ஃப் மைதானம், வெள்ளைக்காரன் பங்களா என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பென்சிலும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்ந்ததுதான்.

கோரமண்டல் மகன்:

எல்லோரும் நல்லதாக எழுதுகிறீர்கள். படிக்கச் சந்தோஷம்தான். என்னிடம் இருப்பது அப்பாவின் எக்ஸ்ரே. நுரையீரலில் மாவு தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சிலிகோசிஸ், கல்தூசியால் வரும் நுரையீரல் நோய். பாறையில் டிரில்லிங் செய்தவர். கடைசி இரண்டு வருஷம் படுத்துத் தூங்கவே முடியவில்லை, மேஜைமேல் தலையணை வைத்து அதில் சாய்ந்தபடியேதான் தூங்கினார். அதைக் காட்ட இடம் இருக்கிறதா? கொண்டாட்டம் என்று சொன்னால் அந்த எக்ஸ்ரேயும் சுவரில் மாட்டப்பட வேண்டும். இல்லையென்றால் நான் வரவில்லை.

முதலில் எழுதியவன்:

தம்பி, அதைத்தான் முதலில் மாட்ட வேண்டும். என் அப்பாவின் டோக்கன் பக்கத்திலேயே மாட்டலாம். அவருக்கும் கடைசியில் இதே இருமல்தான். பெட்டியைத் திறந்தபோது டோக்கனோடு இன்ஹேலரும் இருந்தது, அதை நான் மேலே எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வைண்டர் ஐயா வீட்டுக்குப் போனோம், வாத்தியாரும் வந்திருந்தார். நாற்பது நிமிஷம் போனில் பதிவு செய்தோம். மணி அடிக்கிற கணக்கு முழுவதையும் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டிக் காட்டினார். சாக்பீஸ் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுதான். மாரிக்குப்பம் தங்கச்சி, உன் ஆயா பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற விதத்தை நீயே செய்து வீடியோ எடுத்து அனுப்பு.

இன்னும் கிடைக்காதவை: கார்பைடு விளக்கு, பழைய சம்பளச் சீட்டு, 1930-ல் கைரேகை எடுப்பதை எதிர்த்து நடந்த ஸ்டிரைக்கைப் பற்றி வீட்டில் சொல்லக் கேட்ட எதுவும். பொருளை யாரும் கொடுக்க வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நாங்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறோம். பழைய இரும்புக்காரர் வாசலில் நின்றால் மட்டும், போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.