ஹேக்சில்வர்: ‘நறுக்குவெள்ளி’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹேக்சில்வர் (hacksilver) என்பது பணமாகக் கொடுப்பதற்காக வெட்டித் துண்டாக்கிய வெள்ளிக் காசும் நகையும். நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதற்கு ‘உடைசல் வெள்ளி’, ‘வெள்ளித்துண்டு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. முதலாவதை என்னால் ஏற்க முடியவில்லை. உடைசல் என்றால் பயன் தீர்ந்து மூலையில் போட்ட பொருள். வட ஐரோப்பாவின் வைக்கிங் காலத்தவர் (சுமார் 8 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) காசையும் காப்பையும் வேண்டுமென்றே வெட்டி, சிறு தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். வெட்டிய பிறகும் அது பணம்தான்.

சுவீடனின் காட்லாந்து தீவில், ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில் 1999-இல் கிடைத்த புதையலைப் பாருங்கள். சுமார் 67 கிலோ வெள்ளி. அதில் காசுகள் மட்டும் 14,000-க்கு மேல். பெரும்பாலானவை இஸ்லாமிய நாடுகளின் திர்ஹம்கள் என்ற வெள்ளிக் காசுகள். காசுகளில் மிகப் பிந்தியது கி.பி. 870-71-ஐச் சேர்ந்தது என்பதால், புதைத்தது அதற்கு முன் இருக்க முடியாது. திர்ஹமில் பொதுவாக உருவம் இருக்காது; அச்சடித்த ஊரும் ஹிஜ்ரி ஆண்டும் எழுத்தில் இருக்கும். அதைப் பாதியாக நறுக்கினால் ஆண்டு போய் ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சலாம். வெள்ளி எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல அந்த அரைக்காசே போதும். ஆய்வாளர்கள் இந்தத் துண்டுகளை ஒதுக்காமல் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பதிவது இதனால்தான். அதோடு, ஒரு புதையலில் இப்படிப்பட்டவை நிறைய இருந்தால், அங்கே காசை எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்கினார்கள் என்று தெரிகிறது.

‘வெள்ளித்துண்டு’ தவறில்லை. ஆனால் பட்டறையில் சிதறியதையும் அப்படித்தான் சொல்வோம். ஒருவர் கைவைத்து வெட்டினார் என்பது அதில் வரவில்லை.

என் பரிந்துரை ‘நறுக்குவெள்ளி’. ஓலை நறுக்கு என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அளவாக வெட்டி எடுத்தது என்ற பொருள் தானே வந்துவிடுகிறது. காசை மட்டும் குறிக்க ‘நறுக்குக்காசு’, காப்பென்றால் ‘நறுக்குக்காப்பு’ என்று கிளைச்சொற்களும் சுலபமாகக் கிடைக்கும். ‘வெட்டுவெள்ளி’ பற்றியும் யோசித்தேன். சுரங்கத்தில் வெட்டி எடுத்ததோ என்று மயங்க இடமிருக்கிறது.

அப்புறம், வெள்ளி நல்லதா, உள்ளே செம்பா என்று பார்க்கக் கத்திமுனையால் இட்ட சிறு வெட்டுத் தடங்கள். இவற்றுக்கு ‘மாற்றுக்கீறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொற்கொல்லர் உலோகத்தின் தரத்துக்குச் சொல்லும் ‘மாற்று’ அழகான சொல்தான். ஆனால் இன்று படிப்பவர்கள் ‘வேறொரு கீறல்’ என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘சோதனைக்கீறல்’ என்றே வைத்துவிடலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால், பட்டியலில் ஏற்றுவதற்குள் சொல்லுங்கள்.